புரியாணிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கெக்கரிக்காய்

எங்கள் தொழிலில் கைக்கு இருக்கிற வேலையை விட நாக்குக்குத்தான் வேலை அதிகம். நான் கல்யாண வீட்டுச் சமையல்காரன். பெயர் கபூர். வீடு சாய்ந்தமருதில். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த ஊரில் வலீமா விருந்து என்றாலும் சோறாக்குகிற பெரிய கிடாரத்தையும் அகப்பையையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஆள். உப்பு மட்டா, இறைச்சி வெந்துவிட்டதா, வட்டிலப்பத்துக்கு இனிப்புக் கூடிவிட்டதா என்று எல்லாத்துக்கும் என் நாக்கைத்தான் கேட்பார்கள். நாக்கு பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். தின்றதைச் சுமந்தது வயிறு, வயிற்றைச் சுமந்தது முழங்கால். கடைசியில் முழங்கால்தான் முதலில் கையை விரித்தது.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் ஒரு கையில் கரட்டை வைத்துக்கொண்டுதான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடியுங்கள், கடியுங்கள், கவலையோடு கடியுங்கள். நீங்கள் அழகுக்காக மெலிகிறீர்களோ, சீனி வருத்தம் என்கிற நோய்க்காக மெலிகிறீர்களோ, நான் மெலியப் புறப்பட்டது தரையில் இறங்குவதற்கு. எங்கள் ஆட்களுக்கு நல்லதெல்லாம் தரையில்தானே இருக்கிறது! சஹன் என்று நாங்கள் சொல்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றிவரக் குந்தித் தின்பது பாயில். நெற்றியை வைத்துத் தொழுவது பள்ளிவாசலின் தரையில். என் முழங்கால் இந்த இரண்டையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தந்தது.

ஃபேன் காற்று

முதன்முதல் கதிரையில் இருந்து தொழுதது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில். அதற்கு முந்தின கிழமை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில்தான் தொழுதேன். அன்றைக்கு முடியவே இல்லை. வரிசையின் ஓரத்தில் முடியாதவர்களுக்கென்று போட்டிருக்கும் கதிரைகளில் ஒன்றில், யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகப் போய் இருந்தேன்.

இமாம் தக்பீர் சொன்னதும் பள்ளி முழுக்க ஒரே நேரத்தில் நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்கு இறங்கியது. பிள்ளைகள் இறங்கினார்கள், என் வயதுக்காரர்கள் இறங்கினார்கள், என்னை விடப் பத்து வயது மூத்தவர்களும் இறங்கினார்கள். நாங்கள் கொஞ்சப் பேர் மட்டும் மேலே மிஞ்சினோம். நான் கதிரையில் இருந்தபடியே காற்றில் குனிந்தேன். நெற்றியில் ஒன்றும் படவில்லை. யா அல்லாஹ், அந்த வெறுமையை எப்படிச் சொல்ல? எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் அவசர அவசரமாகத் தலையை வைத்து எடுத்த இடம் அது. இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, போக முடியவில்லை.

தொழுகை முடிந்ததும் பக்கத்துக் கதிரைக் கிழவர் என் கண்ணைப் பார்த்தார். கதிரை வரிசைக்கே மூத்தவர் அவர். என் தொடையில் தட்டிச் சொன்னார்:

"யோசிக்காதீங்க மருமகன், ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் நல்லா விழும்."

ருசி மட்டும்தான்

முழங்காலைக் காட்டப் போன இடத்தில் டொக்டர் ஒரு இளம் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்ந்துவிட்டது, ஆனால் மோசமில்லை, உடம்பைக் குறைத்தால் கால் மடங்கும், குறைக்காவிட்டால் கதிரைதான் என்றார். எனக்கு அதில் "மடங்கும்" என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. என்ன சொன்னாலும் செய்கிறேன் டொக்டர் என்றேன். பாதிக் கோப்பைக்குப் பச்சைக் காய்கறி, கெக்கரிக்காய், கரட், கோவா இலை, வல்லாரை. ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு. அவித்த கடலை, அவித்த மீன். எண்ணெய், தேங்காய்ப்பால், சீனி, மாட்டிறைச்சி எல்லாத்துக்கும் ஸலாம் சொல்லிவிட வேண்டுமாம்.

"இப்ப என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். வேலை நாளில் நான் சாப்பிடுவதே இல்லை, ருசி மட்டும்தான் பார்ப்பேன் என்று உண்மையைச் சொன்னேன். எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். சொன்னேன். இறைச்சி வெந்ததா என்று பார்க்கக் கிடாரத்தின் நடுவில் ஒரு துண்டு, ஓரத்தில் ஒரு துண்டு. நடுவில் வெந்தாலும் ஓரத்தில் வேகாது, அதனால். சோற்றின் பதம் பார்க்க ஒரு பிடி. வெறுஞ்சோற்றில் பதம் தெரியாது, அதனால் கொஞ்சம் இறைச்சி ஆணம் ஊற்றி. கோழி மொறுமொறுப்பா என்று தெரிய ஒரு கால். வட்டிலப்பத்தில் அடிப்பக்கமும் மேற்பக்கமும் வேறு வேறு ருசி, அதனால் இரண்டு பக்கமும். ஒரு கிடாரம் சரியென்றால் மற்றக் கிடாரமும் சரி என்று விட ஏலாதே, அதிலும் இதே மாதிரி.

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"நீங்க ருசி பாக்கிற அளவுக்கு நான் ஒருநாளும் சாப்பிட்டதில்ல."

அதே இலை

அந்த நாட்களில் எங்கள் வீட்டு வளவில் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கென்று ஒரு ஆடு வளர்ந்துகொண்டிருந்தது. சந்தையில் கழிக்கிற கோவா இலையும் கரட் தலையும் அதற்குத்தான் வரும். இப்போது பை நிறைய நல்ல காய்கறியாக நானே வாங்கிக்கொண்டு வர, என் பொஞ்சாதி ஸல்மா கழுவி வெட்டி ஒரு பெரிய கோப்பையில் வைத்துத் தருவாள். உப்பும் தேசிக்காயும் மிளகும் மட்டும். நான் சமையல்காரன், என் கை சும்மா இருக்குமா? கொஞ்சம் மாசிச் சம்பல் சேர்த்தால் என்ன என்பேன். ஒரு கரண்டி தேங்காய்ப்பால் என்பேன். வாழ்க்கையில் அடுப்புக்குக் கிட்டவே போகாத சாப்பாட்டை நான் அதுவரை தின்றதே இல்லை. மென்று மென்று தாடை நோகும். தொண்டையில் இறங்காது. ஸல்மா எனக்கு முன்னால் இருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் முடிக்கும் வரைக்கும்.

ஒருநாள் வெளி விறாந்தையில் இருந்து கோவாவை மென்றுகொண்டிருந்தேன். ஆடும் பக்கத்தில் நின்று கோவாவை மென்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அது என்னை விடச் சந்தோஷமாக மெல்லுகிற மாதிரி எனக்குப் பட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஸல்மா வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அது இதே இலையத் திண்டுதானே கொழுக்குது, நீங்க மட்டும் எப்படி மெலியிற?"

நிந்தவூரில் பிடித்த நோன்பு

நோன்பு மாதத்தில் நாங்கள் சமைக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. ஆணத்தை நாக்கு நுனியில் தொட்டு, உப்பைப் பார்த்துவிட்டு, விழுங்காமல் துப்பிவிடுவோம். அப்படியே வாயையும் கொப்புளித்துக்கொள்வோம். நோன்புக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு மூளையில் ஒரு வெளிச்சம் வந்தது. ரமழானில் செய்கிறதை மற்ற மாதத்திலும் செய்தால் என்ன? நாக்குக்கு வேலை, வயிற்றுக்கு லீவு!

நிந்தவூரில் ஒரு கல்யாணம். வியாழக்கிழமை. கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கிறவர்கள் பிடிக்கிற நாள் அது என்று எனக்கு அந்த நேரம் ஞாபகமே இல்லை. நான் ஆணத்தைத் தொட்டுத் துப்புகிறதைப் பெண் வீட்டு ஹாஜியார் பார்த்துவிட்டார். "மாஷா அல்லாஹ், இந்த நெருப்பிலயும் நோன்பா!" என்றார். இல்லை ஹாஜியார், நான் நோன்பில்லை என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பாத்தீங்களா, செய்ற நல்ல அமல மறைக்கிறாரு" என்றார். நான் சத்தியமாய் இல்லை என்றேன். "சத்தியம் பண்ண வேணாம் காக்கா, எங்களுக்கு விளங்குது" என்று அண்ணன் முறை சொல்லி இருவரும் மரியாதையாக விலகிப் போனார்கள். அதற்குப் புறகு எனக்குப் பிளேன்ரீ வரவில்லை. தண்ணீர் வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் வந்து துஆ கேட்டுவிட்டுப் போனார்கள்.

பகல் ஆனது. பசி கண்ணை மறைத்தது. சமையல் கொட்டிலுக்குப் பின்னால் போய், பையில் மறைத்துக் கொண்டுவந்த கெக்கரிக்காயை ஒரு கடி கடித்தேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் பெரியம்மா நிற்கிறா! நான் வாயில் கெக்கரிக்காயோடு அப்படியே நின்றேன். அவவின் முகத்தில் கோபமே இல்லை. பாவம் பார்த்து, தாய் மாதிரி கிட்ட வந்து, என் கையிலிருந்த மிச்சத்தையும் மெதுவாக வாங்கிக்கொண்டா.

"மறந்து திண்டத்துக்குக் குத்தமில்ல மனே, வாயக் கொப்புளிச்சிப்போட்டு நோன்ப விடாமப் புடிங்க."

மாப்பிள்ளை கேட்ட விருந்து

கல்முனையில் ஒரு மாப்பிள்ளை. கட்டாரில் வேலை. உடம்பைப் பலகை மாதிரி வைத்திருந்தார். தன் வலீமாவுக்கு எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது என்றார். சலாது ஏழெட்டு வகை, சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், அவித்த கடலை, நெருப்பில் வாட்டிய கோழி, பழம். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. என் வாழ்நாளில் முதல் தடவையாக டொக்டரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வயிறார ருசி பார்க்கிற கல்யாணம்! கெக்கரிக்காயைப் பூவாக வெட்டினேன், கரட்டை நூலாகச் சீவினேன். பீற்றூட், போஞ்சி, மாதுளை முத்து, என்ன நிறம், என்ன வடிவு! நானே பார்த்து மயங்கிப்போனேன்.

சம்மாந்துறையிலிருந்து பெண் பக்கத்து உறவினர்கள் வந்து இறங்கினார்கள். வயற்காரர்கள், விடியவே வெளிக்கிட்டு வந்தவர்கள். மரியாதைக்காரர்கள், ஒரு குறையும் சொல்லாமல் வைத்ததையெல்லாம் தின்றார்கள். சிவப்பரிசிச் சோற்றைத் தொட்டுக்கொள்ள வைத்தது என்று நினைத்து அதையும் முடித்தார்கள். தின்றுவிட்டுக் கையைக் கழுவாமல், சஹனைச் சுற்றி அப்படியே அமைதியாக இருந்தார்கள். ஏன் எழும்பாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கிட்டப் போனேன். அவர்களில் மூத்தவரான, வயல் சொந்தக்காரப் போடியார் என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், மிகவும் பணிவாகக் கேட்டார்:

"இலகுழ எல்லாம் நல்லா இருந்திச்சி தம்பி, இனிச் சாப்பாட்டப் போடுவமா?"

கயிறு

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்க வேண்டும் என்பதும் டொக்டரின் கட்டளை. மணலில் நடப்பது எவ்வளவு கொடுமை என்பது உடம்புள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கால் வெளியே வர, மறுகால் உள்ளே போகும். அதிலும் கரையோரம் ஒரு வீட்டில் ரொட்டி சுடுவார்கள். தேங்காய்ப்பூ ரொட்டி. அந்த மணம் வந்ததும் என் கால் தானாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிற மாதிரி நின்று மூக்கால் மட்டும் சாப்பிட்டுவிட்டு நடப்பேன்.

ஒருநாள் அப்படி நிற்கையில் கரைவலை இழுக்கிறவர்கள் கூப்பிட்டார்கள். ஆள் குறைவாம், சும்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் காக்கா என்றார்கள். பிடித்தேன். பின்னுக்குச் சாய்ந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. வலை வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பாரைமீன் குட்டியைக் கையில் தந்து, நாளைக்கும் வரச் சொன்னார்கள். நான் மெலிவதற்காக நடக்கிறேன், கொஞ்ச நாளில் இந்தப் பாரம் இருக்காது என்றேன். வலைக்காரரின் முகம் வாடிவிட்டது.

"கல்ல மாதிரி நிக்கிற மனுசன், என்னத்துக்குக் காக்கா இந்த வேண்டாத வேல?"

கடைசிச் சஹன்

எங்கள் தொழிலில் ஒரு இன்பம் உண்டு, அது வெளியாட்களுக்குத் தெரியாது. விருந்தாளிகள் எல்லாரும் போன புறகு, வீட்டுக்காரரும் களைத்துச் சாய்ந்த புறகு, சமையல்காரர்களுக்கென்று ஒரு சஹன் வைப்போம். கடைசிச் சஹன். நல்ல இறைச்சி எல்லாம் அதில்தான் இருக்கும். அதைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் வேர்வையோடு பாயில் குந்துவோம். ஆளுக்கொரு பக்கம். கை தன் பக்கத்துச் சோற்றை விட்டுத் தாண்டாது. ஆனால் இறைச்சித் துண்டு மட்டும் தாண்டும். நல்ல துண்டு அகப்பட்டால் யாரும் தான் தின்ன மாட்டோம், மற்றவரின் பக்கத்துக்குத் தள்ளிவிடுவோம். அவர் திருப்பித் தள்ளுவார். சில நேரம் ஒரு துண்டு சஹனை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் யாருடைய வாய்க்குள்ளாவது போகும்.

முழங்கால் போன புறகு, நான் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் ஒரு கோப்பையில் கரட்டும் கெக்கரிக்காயும் வைத்துக்கொண்டு இருப்பேன். அவர்கள் கீழே. மேலே இருந்து பார்த்தால் மூன்று தொப்பியும் மூன்று கையும்தான் தெரியும். சிரிப்பார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் குனிந்து கேட்க வேண்டும். இறைச்சியை விட அந்த இடத்துக்குத்தான் நான் ஏங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளுக்குள் அழுதுகொண்டு கரட்டைக் கடித்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஆதங்காக்கா என்று ஒருவர். சோறு வடிக்கிறது அவர் வேலை. என்னை விட மூத்தவர். எவ்வளவு தின்றாலும் முருங்கைக்காய் மாதிரியே இருப்பார். ஒரு நல்ல நெஞ்சுத் துண்டு அவர் கைக்கு வந்தது. யோசிக்காமல், பழக்கத்தில், வழக்கமாக நான் இருக்கிற பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். அங்கே ஆள் இல்லை. துண்டு அப்படியே கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. ஆதங்காக்கா மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"டேய் தம்பி, உன்ட பக்கத்துச் சோறு ஆறுது, கெதியா மெலிஞ்சிட்டு வாடா."

அடிச்சோறு

சாப்பாட்டை விடுகிறவர்களே, உங்களை எது கவிழ்க்கிறது? சிலருக்கு ஐஸ்கிரீம், சிலருக்குக் கொத்து ரொட்டி. எனக்குக் கிடாரத்தின் அடிச்சோறு. நெய்யும் இறைச்சிச் சாறும் இறங்கி, தணலில் மெதுவாகப் பொன்னிறமாய்ப் பிடித்த அந்த அடி! அதைச் சுரண்டி எடுத்து, கொஞ்சம் எருமைத் தயிரும் அச்சாறும் வைத்துத் தின்றவனுக்கு வேறொன்றும் தேவையில்லை. எந்தக் கல்யாணத்திலும் அது விருந்தாளிக்குப் போகாது. அது எங்களுக்குரியது.

அக்கரைப்பற்றில் ஒரு வேலை முடிந்து, ஆதங்காக்கா கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, சர் சர் என்று, அது என் நெஞ்சுக்குள் கேட்டது. காலையிலிருந்து நான் தின்றது கடலையும் கோவாவும். ஒரே ஒரு பிடி காக்கா என்று கையை நீட்டிவிட்டேன். அவர் சோற்றை உருட்டி என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் கை அதற்கு மேல் வரவில்லை.

"மணத்துல கொழுப்பில்ல தம்பி, நல்லா இழுத்துக்க."

வருத்தக்காரன்

மாதங்கள் போயின. இடுப்பு வாரில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. சேர்ட் என் மேல் தொங்கியது, கன்னம் உள்ளே போனது. நான் கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஊர் என்னைப் பார்த்துக் கவலைப்பட்டது. வழியில் காண்கிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி "எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?" என்றார்கள். ஒருவர் எனக்காகப் பள்ளியில் துஆச் செய்யச் சொல்லியிருக்கிறார்! கல்யாணச் சமையல் பேச வந்தவர்களில் சிலர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாள் இன்னும் முடிவாகவில்லை என்று போனார்கள். வேறு சமையல்காரரைப் பிடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நாட்களில் இதை விட்டுவிடுவோமா என்றுகூட நினைத்தேன். தொழிலும் போய், சோறும் போய், நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

மருதமுனையிலிருந்து தன் மகளின் கல்யாணத்துக்குச் சமையல் பேச ஒரு பெண் வந்தா. நான் உள்ளே இருந்தேன். வாசலில் ஸல்மாவிடம் இரகசியமாகக் கதைப்பது எனக்குக் கேட்டது. "குறை நினைக்காதீங்க ராத்தா, காக்காக்கு மாறாத வருத்தம் எண்டு கதைக்கிறாங்க, எங்கட புள்ளட நல்ல காரியம் பாருங்க..." என்று இழுத்தா. ஸல்மா உள்ளே வந்து, நான் பாதி தின்று வைத்திருந்த கோப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, இதுதான் அவருக்குள்ள வருத்தம், நீங்களும் கொஞ்சம் தின்னுங்க."

இறங்கிய நாள்

வீட்டில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பாதி மடங்கும், நோகும், விட்டுவிடுவேன். ஸல்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்ய முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்.

அன்றைக்கு ஜும்ஆ. வழக்கம் போல ஓரத்துக் கதிரையில்தான் இருந்தேன். பக்கத்தில் தரையில் ஆதங்காக்கா. முதல் ரக்அத்தைக் கதிரையிலேயே முடித்தேன். இரண்டாவதில் இமாம் சுஜூதுக்குத் தக்பீர் சொன்னார், பள்ளி முழுக்க இறங்கியது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நானும் கதிரையை விட்டு வழுக்கி அவர்களோடு இறங்கிவிட்டேன். கை பட்டது, முழங்கால் பட்டது, உயிர் போகிற நோவு. பிறகு நெற்றி பட்டது. விரிப்பின் தூசி மணம் மூக்கில் ஏறியது. ஓத வேண்டியது ஒன்றும் வாயில் வரவில்லை. "வந்துட்டன், யா அல்லாஹ், வந்துட்டன்" என்றுதான் வந்தது. கண்ணீர் மூக்கால் வழிந்து விரிப்பில் விழுந்தது.

அடுத்த தக்பீருக்கு எல்லாரும் எழும்பி இருந்தார்கள். நான் எழும்பவில்லை. முழங்கால் பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், அது பூட்டாமல் இருந்திருந்தாலும் நான் அவ்வளவு கெதியில் எழும்பியிருக்க மாட்டேன். மறுபடி எல்லாரும் சுஜூதுக்கு இறங்கி வந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு கொஞ்ச நேரம் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. பிறகு அவர்கள் எழும்பி இருந்து, ஸலாமும் கொடுத்து முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். அந்தத் தொழுகை சரியாகவில்லையோ என்று மனம் கேட்காமல், பகல் தொழுகையான லுஹரைத் தொழுதேன், அந்தக் கதிரையில்தான். வெளியே செருப்பைத் தேடும்போது ஆதங்காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"இறங்குறதுக்கு மட்டும்தான் மெலிஞ்சிருக்காய் தம்பி, எழும்புறதுக்கு இன்னும் கிடக்கு."

ஆக, கரட் கடிக்கிற என் சொந்தங்களே, தரைக்குப் பசித்திருந்த நெற்றி ஒருவழியாய் ஆறிவிட்டது, சோற்றுக்குப் பசித்திருக்கிற வயிறுதான் இன்னும் என்னோடு கதைக்காமல் இருக்கிறது.